கூடத்தில் முழங்கும் ஆட்டம்

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், அவையோருக்கும் வணக்கம்.

வட ஐரோப்பிய நாட்டுப்புறப் பாடல்களை, கிடாரும் டிரம்மும் அதிரும் ஹெவி மெட்டல் இசை வாழவைக்கிறதா, சிதைக்கிறதா என்பது தலைப்பு. வாழவைக்கிறது என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய நண்பர், "வாத்தியமே இல்லாமல் வாயால் பாடிவந்த பாட்டு அது. அதன்மேல் கிடாரையும் டிரம்மையும் ஏற்றினால் மிஞ்சுவது இரைச்சல்தான்" என்றார். ஃபரோ தீவுகளை உதாரணம் காட்டினார். சரி, அங்கேயே போவோம்.

அட்லாண்டிக் கடலில் 18 தீவுகள். மொத்தமே சுமார் 54,000 பேர். அங்கே பாட்டு என்றால் ஆட்டமும் சேர்ந்ததுதான். ஆணும் பெண்ணும் கைகோத்து வட்டமாக நிற்பார்கள். இடப்பக்கம் இரண்டடி, வலப்பக்கம் ஓரடி. ஒருவர் பாட்டை எடுத்துக் கொடுக்க, பல்லவியைக் கூட்டமே சேர்ந்து பாடும். வாத்தியம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் தாளம் இல்லையா? மரத்தரை அதிர அதிர மிதிக்கிறார்களே, அந்தக் கால்களை எதிரணி ஏன் கணக்கில் சேர்க்கவில்லை? டிரம் செய்வது அந்தக் கால்களின் வேலையைத்தான்.

அந்த வட்டம் காப்பாற்றியது பாட்டை மட்டுமல்ல, ஒரு மொழியை. டென்மார்க் ஆட்சியில், நூற்றாண்டுக் கணக்கில் அங்கே தேவாலயத்திலும் பள்ளியிலும் டேனிஷ் மொழிதான். ஃபரோ மொழிக்கு இன்றுள்ள எழுத்துமுறை அமைந்ததே 1846-ல். அந்த மொழியில் அச்சான முதல் புத்தகம் எது தெரியுமா? 1822-ல் வந்த கதைப்பாடல் தொகுப்பு! ஏட்டில் இடம் கிடைக்காத மொழி ஆட்டத்தில் உயிர் பிழைத்தது.

இப்போது 'ஓர்முரின் லாங்கி' என்ற பாட்டுக்கு வருகிறேன். நீளப் பாம்பு என்று பொருள். நார்வே அரசன் ஓலாவ் டிரிக்வாசனின் போர்க்கப்பலுக்கு அந்தப் பெயர். அவன் கடற்போரில் வீழ்ந்தது கி.பி. 1000 வாக்கில். ஆனால் பாட்டு அந்தக் காலத்தது அல்ல. யென்ஸ் கிறிஸ்தியான் யூர்ஹூஸ் என்ற விவசாயி 1830 வாக்கில் கட்டியது, 86 செய்யுட்கள். எண்ணூறு ஆண்டு பழைய கதையை எடுத்துத் தன் காலத்து மக்கள் ஆடுவதற்குப் புதிதாகக் கட்டியிருக்கிறார். அவரை யாரும் சிதைத்தவர் என்று சொல்வதில்லை. இன்று அந்தத் தீவுகளில் எல்லோருக்கும் தெரிந்த பாட்டு அதுதான்.

அப்புறம் 1998. 'டீர்' என்ற மெட்டல் குழு உருவாகிறது. எங்கே? டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனில், ஃபரோ இளைஞர்கள் சேர்ந்து! 2002-ல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தில் அதே ஓர்முரின் லாங்கி, அதே ஃபரோ மொழியில். மெட்டை மாற்றவில்லை. பல குரல்கள் சேர்ந்து பாடும் முறையையும் விடவில்லை. கிடார் அந்த மெட்டுக்குப் பின்னால் நடந்து வருகிறது. நாலு நிமிடம் கண்ணை மூடிக் கேட்டால் கால் தானாக மிதிக்கும், எனக்கு மிதித்தது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். 86 செய்யுளில் சிலவற்றை மட்டுமே அவர்கள் பாடுகிறார்கள். பக்கத்தில் நிற்பவரின் கையைப் பிடித்துக்கொண்டு முழுப் பாட்டையும் பாடி முடிக்கிற அனுபவத்தை எந்த ஒலிப்பதிவும் தராது. அந்த இழப்பு எனக்கும் வலிக்கிறது. ஆனால் வட்டத்தை யாரும் கலைக்கவில்லையே! அங்கே இன்றும் ஆடுகிறார்கள்.

பின்லாந்தின் அமார்பிஸ் என்ற மெட்டல் குழு 1994-ல் தன் நாட்டுக் கலேவலா காப்பியத்தை ஆங்கிலத்தில் பாடியதையும் எதிரணி குறை சொன்னது. நியாயமான குறைதான். ஆனால் அந்தக் கலேவலாவே எலியாஸ் லோன்ரூட் என்ற மருத்துவர் ஊர் ஊராக நடந்து நாட்டுப்பாடல்களைச் சேகரித்து, தானே வரிசைப்படுத்தி, இணைப்பு வரிகளும் சேர்த்து 1835-ல் வெளியிட்டது. கைபடாத நாட்டுப்பாட்டு என்று எதைக் காட்டப் போகிறீர்கள்? நார்வேயின் நாட்டுப்புற வயலினான ஹார்டாங்கர் பிடிலைச் சாத்தானின் கருவி என்று சொல்லி எரித்த காலமும் உண்டு. இன்று அது நார்வேயின் பெருமை.

கடைசியாக, இரைச்சல் என்ற குற்றச்சாட்டு. ஓர்முரின் லாங்கியின் பல்லவி இப்படித் தொடங்குகிறது: 'கூடத்தில் ஆட்டம் முழங்குகிறது, வட்டமாக நின்று ஆடுங்கள்.' முழங்குகிறது என்றுதான் அந்த விவசாயி எழுதியிருக்கிறார், நடுவர் அவர்களே. எதிரணியில் அடுத்துப் பேச வருபவர் அந்தச் சொல்லுக்குப் பதில் சொல்லட்டும்.