பிளேக் கிருமியின் பெயர்

நேயர்களுக்கு வணக்கம். பாக்டீரியாக்களை வகைப்படுத்துவது ஒரு வேலை, அவற்றுக்குப் பெயர் வைப்பது இன்னொரு வேலை. இரண்டும் மோதிக்கொண்டால் எது விட்டுக்கொடுக்க வேண்டும்? பிளேக் கிருமி அடங்கிய யெர்சினியா என்ற பேரினத்தில், அதாவது நெருங்கிய சிற்றினங்களின் தொகுதியில், இந்தக் கேள்வி ஒருமுறை நேராகவே எழுந்தது.

1894-ல் ஹாங்காங்கில் பிளேக் பரவியபோது, பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றியிருந்த அலெக்ஸாண்டர் யெர்சின் அங்கே போனார். மருத்துவமனைக்குள் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. பக்கத்திலேயே ஒரு கூரைக் குடிசை போட்டு, இறந்தவர்களின் நெறிக்கட்டிகளிலிருந்து எடுத்த சீழை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். முனை மழுங்கிய, குட்டையான கோல் வடிவக் கிருமிகள் கும்பலாகத் தெரிந்தன. அவைதான் பிளேக் கிருமிகள். வெகுகாலம் அவை பாஸ்டுரெல்லா பேரினத்தில் இருந்தன. 1944-ல் வான் லோகம் என்ற நுண்ணுயிரியலாளர், அவற்றைப் பிரித்து யெர்சினியா என்ற தனிப் பேரினத்தில் வைக்க முன்மொழிந்தார். யெர்சின் அதற்கு முந்தைய ஆண்டே வியட்நாமின் நாட்ராங்கில் காலமாகிவிட்டார்.

அப்புறம்தான் சிக்கல். யெர்சினியா சூடோடியூபர்குலோசிஸ் என்று ஓர் உறவுக் கிருமி உண்டு. அது தரும் காய்ச்சலும் வயிற்றுவலியும் பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். 1980-ல் இரண்டின் டிஎன்ஏவையும் ஒப்பிட்டுப் பார்த்தவர்கள், இவை ஒரே சிற்றினம் என்றார்கள். அப்படியானால் பிளேக் கிருமியை 'யெர்சினியா சூடோடியூபர்குலோசிஸ், துணைச்சிற்றினம் பெஸ்டிஸ்' என்று எழுத வேண்டும். வகைப்பாட்டின்படி அது சரிதான்.

ஆனால் ஆய்வறிக்கையில் அந்தக் கடைசிச் சொல் விடுபட்டால்? உயிருக்கு மன்றாடும் நோயாளியைச் சாதாரண வயிற்றுவலிக்காரராக நினைத்துவிடுவார்கள். கிருமியைக் கையாளும் ஆய்வகப் பணியாளரும் உரிய பாதுகாப்பு இல்லாமல் தொடக்கூடும். பெயரால் உயிருக்கு ஆபத்து வருமென்றால் அந்தப் பெயரை நிராகரிக்கலாம் என்று பெயரிடல் விதிகளிலேயே இடமிருக்கிறது. அதன்படி 1985-ல், பாக்டீரியாப் பெயர்கள் குறித்த சிக்கல்களைத் தீர்க்கும் பன்னாட்டு நீதிக்குழு புதிய பெயரைத் தள்ளி, யெர்சினியா பெஸ்டிஸ் என்பதையே நிலைநிறுத்தியது.

இது முழுக்கச் சரியான தீர்ப்பு என்பது என் உறுதியான கருத்து. பிளேக் கிருமி சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்புதான் அந்த உறவுக் கிருமியிலிருந்து பிரிந்தது என்பது பிந்தைய மரபணு ஆய்வுகளில் தெளிவானது. டிஎன்ஏவில் அவ்வளவு நெருக்கம். ஆனால் வழியில் சேர்ந்த சில மரபணுக்கள் அதற்குத் தெள்ளுப்பூச்சியின் குடலில் தங்கிப் பரவும் திறனைக் கொடுத்துவிட்டன. அது நுரையீரலைத் தாக்கி, உடனே ஆன்டிபயாட்டிக் கொடுக்கவில்லை என்றால், பிழைப்பவர்கள் மிக அரிது. மருத்துவருக்கு முதலில் தெரிய வேண்டியது இதுதான்.