அறுவைக்குப் பின் குணம், அறுவையால் குணம்

வணக்கம் நேயர்களே. இடுப்பு மூட்டு வலிக்குச் செய்கிற ஆபரேஷன் நிஜமாகவே பலன் தருகிறதா என்று இன்று பார்க்கலாம்.

இடுப்பு மூட்டு என்றதும் பாதிப் பேருடைய கை முதுகின் அடிப்பக்கத்துக்குப் போயிருக்கும். அது முதுகெலும்புச் சமாசாரம், அதை இன்னொரு நாள் வேறு யாராவது பேசட்டும். நான் சொல்ல வந்த மூட்டு அதற்கும் கீழே, தொடை உடம்போடு சேருகிற இடத்தில், நல்ல ஆழத்தில் இருக்கிறது. அதில் கோளாறு என்றால் வலி பெரும்பாலும் கவட்டைப் பக்கம்தான் தெரியும். தாழ்வான நாற்காலியில் ரொம்ப நேரம் இருந்துவிட்டு எழும்போது, பைக்கில் காலைத் தூக்கிப் போடும்போது, குனிந்து ஷூ லேஸ் கட்டும்போது சுருக்கென்று ஒரு பிடிப்பு. எங்கே வலிக்கிறது என்று டாக்டர் கேட்டால் இவர்கள் ஒற்றை விரலால் தொட்டுக் காட்ட மாட்டார்கள். கட்டைவிரல் பின்னால், மற்ற விரல்கள் முன்னால் என்று இடுப்போரத்தை அப்படியே கவ்விப் பிடித்துக் காட்டுவார்கள். அந்தக் கைப்பிடியைப் பார்த்ததுமே எலும்பு மருத்துவருக்குப் பாதி விஷயம் புரிந்துவிடும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. மருத்துவக் கல்லூரியில் முதுநிலை மாணவர்களுக்குப் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தவன். கத்தி பிடிக்கத் தெரியாது. கத்தி பிடித்தவர்கள் போட்டுக் காட்டுகிற கணக்கைச் சரிபார்க்க மட்டும் தெரியும். எனவே உங்கள் வலிக்கு என்ன செய்யலாம் என்று என்னிடம் கேட்காதீர்கள். 'இந்த ஆபரேஷன் பலன் தருகிறது' என்று ஒருவர் சொன்னால் அது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேளுங்கள். எனக்குப் பல வருஷமாக அந்த ஒரு கேள்விதான்.

மூட்டு எப்படி வேலை செய்கிறது? வீட்டில் ஆட்டுக்கல் பார்த்தவர்களுக்குச் சுலபமாகப் புரியும். குழி ஒன்று, அதில் உருளுகிற குழவி ஒன்று. தொடை எலும்பின் உருண்டைத் தலைதான் குழவி, இடுப்பெலும்பில் இருக்கிற கிண்ணம்தான் குழி. குழவியின் கழுத்தில் ஒரு மேடு புடைத்திருந்தால், ஒரு பக்கமாகச் சாய்க்கும்போது அது குழியின் விளிம்பில் போய் இடிக்கும் அல்லவா? அல்லது குழியின் விளிம்பே கொஞ்சம் அதிகமாக நீண்டிருந்தாலும் இடிக்கும். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். விளிம்பைச் சுற்றி லேப்ரம் என்று ஒரு மெத்து வளையம் இருக்கிறது. இடிபட்டு இடிபட்டு அது கிழியும், பக்கத்தில் இருக்கும் குருத்தெலும்பும் உரியும். இடுப்பு மூட்டு இடிப்பு என்று வைத்துக்கொள்வோம். டாக்டர்கள் இம்பிஞ்ச்மென்ட் என்பார்கள்.

இதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்து அறுவை மருத்துவர் ரைன்ஹோல்ட் கான்ஸ். மூட்டுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்க்குச் சேதமில்லாமல் தொடை எலும்புத் தலையைக் கிண்ணத்திலிருந்து முழுதாக வெளியே எடுத்துப் பார்க்கிற முறையை அவர் குழு 2001-இல் வெளியிட்டது. உயிருள்ள மனிதரின் மூட்டுக்குள் எது எதோடு உரசுகிறது என்று அவர்கள் கண்ணாலேயே பார்த்தார்கள். 2003-இல், இந்த இடிப்புதான் பிற்காலத்தில் மூட்டுத் தேய்மானத்துக்கு ஒரு காரணம் என்று எழுதினார்கள். நல்ல சிந்தனை. நான் குறை சொல்லப் போவது அதை அல்ல.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். பெரிதாகத் திறக்காமல், சிறு துளைகள் வழியாகக் கேமராவை விட்டு மேட்டைச் செதுக்கி, கிழிந்த வளையத்தைத் தைக்கிற ஆர்த்ராஸ்கோப்பி வந்தது. இங்கிலாந்தில் மட்டும் 2002-க்கும் 2013-க்கும் இடையில் இடுப்பு ஆர்த்ராஸ்கோப்பி 727 சதவீதம் அதிகரித்தது. எட்டு மடங்குக்கும் மேல். சரி, இவ்வளவு ஆபரேஷனுக்கும் ஆதாரம் என்ன? கோக்ரேன் என்ற அமைப்பு உலகத்தில் நடந்த சோதனைகளையெல்லாம் தேடி எடுத்து எடைபோடும். அவர்கள் 2014-இல் இதற்காகத் தேடினார்கள். ஆபரேஷன் செய்தவர்களையும் செய்யாதவர்களையும் முறையாகக் குலுக்கிப் பிரித்து ஒப்பிட்டு முடித்த சோதனை ஒன்றுகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

'ஆபரேஷன் பண்ணிக்கொண்டவர்கள் நன்றாக இருக்கிறார்களே, அது போதாதா?' என்று நீங்கள் கேட்கலாம். மாணவர்களும் வருஷா வருஷம் இதைத்தான் கேட்பார்கள். போதாது. மனிதன் வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் டாக்டரிடம் போகிறான். உச்சத்துக்குப் போன வலி, யார் என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும், கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். ஆபரேஷன் ஆனவர் ஆறு வாரம் ஓடாமல் குதிக்காமல் இருப்பார், வீட்டில் எல்லோரும் தாங்குவார்கள், பிசியோதெரபியும் நடக்கும். 'இவ்வளவு செலவு செய்தோமே, சரியாகித்தான் ஆகவேண்டும்' என்ற மனசு வேறு. இத்தனைக்கும் நடுவில் அந்த மேட்டைச் செதுக்கியதன் பங்கு எவ்வளவு? அதைத் தனியாகப் பிரித்தெடுக்க வேண்டுமானால் செதுக்காத ஒரு கூட்டமும் வேண்டும்.

இந்த இடத்தில் எனக்குப் பிடித்த கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். இது இடுப்பில் நடந்ததில்லை, முழங்காலில் நடந்தது. அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரம், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனை. புரூஸ் மோஸ்லி என்ற எலும்பு மருத்துவர். முழங்கால் தேய்மானத்துக்கு அப்போது மூட்டுக்குள் கேமராவை விட்டு உப்புநீரால் கழுவுவார்கள், பிசிறுகளைச் சீவிவிடுவார்கள். லட்சக்கணக்கில் நடந்த சிகிச்சை. இது நிஜமாகவே வேலை செய்கிறதா என்று பார்க்க 180 பேரைச் சேர்த்தார்கள். சேரும்போதே ஒவ்வொருவரும், 'எனக்குப் பொய் ஆபரேஷன் மட்டுமே நடக்கலாம், அதனால் என் மூட்டுவாதத்துக்குப் பலன் இருக்காது' என்று தங்கள் கேஸ் ஷீட்டில் கைப்பட எழுதிக்கொடுக்க வேண்டும். தகுதியிருந்தவர்களில் 144 பேர் வேண்டாம் என்று போய்விட்டார்கள், நியாயம்தானே.

ஆபரேஷன் தியேட்டருக்குள் நோயாளி வந்த பிறகுதான் டாக்டர் கையில் ஒட்டிய கவர் வரும். பிரித்துப் பார்த்தால்தான் கழுவுவதா, சீவுவதா, ஒன்றுமே செய்யக்கூடாதா என்று அவருக்கே தெரியும். ஒன்றும் செய்யக்கூடாது என்று வந்தால் முழங்காலில் ஒரு சென்டிமீட்டர் அளவில் மூன்று கீறல் போடுவார். கருவியெல்லாம் வழக்கம்போலக் கேட்டு வாங்குவார். காலை மடக்கி நீட்டுவார். நோயாளி அரைமயக்கத்தில் இருப்பதால் காதில் விழட்டும் என்று உப்புநீரைச் சளசளவென்று ஊற்றிச் சத்தம் கேட்கச் செய்வார். உண்மையில் எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரமும் தியேட்டரிலேயே வைத்திருப்பார்கள். இரவு மருத்துவமனையிலேயே தங்கல். கவனித்துக்கொண்ட நர்ஸுகளுக்கும் யாருக்கு என்ன நடந்தது என்று தெரியாது. இரண்டு வருஷம் எல்லோரையும் தொடர்ந்து பார்த்தார்கள். முடிவு 2002-இல் வெளிவந்தது. மூன்று கூட்டத்துக்கும் வலியில் வித்தியாசமே இல்லை. கீறல் மட்டும் வாங்கியவர்களும் மற்றவர்களைப் போலவேதான் இருந்தார்கள்.

பின்லாந்துக்காரர்களும் 2013-இல் இதே மாதிரி ஒன்று செய்தார்கள். முழங்காலுக்குள் இருக்கும் சவ்வு வயதோடு தேய்ந்து கிழிந்த 146 பேர். நிஜ ஆபரேஷனும் பொய் ஆபரேஷனும் ஒரு வருஷத்தில் ஒரே பலன்தான் கொடுத்தன. இதையெல்லாம் கேட்டால் ஆபரேஷனே வீண் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆபரேஷனுக்குப் பின் குணமாவதும் ஆபரேஷனால் குணமாவதும் ஒன்றல்ல. இதை இன்னொரு தடவையும் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இனி இடுப்புக்கு வருவோம். முதல் பெரிய சோதனை பிரிட்டனில் நடந்தது, வாரிக் பல்கலைக்கழகத்தின் டேமியன் கிரிஃபின் தலைமையில். சோதனையின் பெயர் ஃபேஷன். துணிக்கடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 23 அரசு மருத்துவமனைகள், 348 பேர். ஆள் சேர்க்கவே 2012 முதல் 2016 வரை நாலு வருஷம் ஆனது. ஏன் அவ்வளவு? வலியோடு வருகிறவரிடம் 'எது நல்லது என்று எங்களுக்கே தெரியாது, குலுக்கிப் போடுகிறோம், சம்மதமா?' என்று ஒரு சர்ஜன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சர்ஜன்களுக்கு அது லேசில் வராத வாக்கியம்.

பாதிப் பேருக்கு ஆர்த்ராஸ்கோப்பி. பாதிப் பேருக்கு அவரவருக்கென்று வகுத்த பிசியோதெரபி. பலனை அளக்க நோயாளியே பதில் சொல்கிற 33 கேள்வி, 100 மதிப்பெண், அதிகம் வாங்கினால் மூட்டு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். ஒரு வருஷம் கழித்து ஆபரேஷன் கூட்டம் 39-இலிருந்து 59-க்கு ஏறியிருந்தது. பிசியோதெரபி கூட்டம் 36-இலிருந்து 50-க்கு. கவனியுங்கள், இரண்டு கூட்டமும் ஏறியிருக்கிறது. தொடங்கிய இடம் முதலியவற்றைச் சரிக்கட்டிப் பார்த்தால் ஆபரேஷன் பக்கம் 6.8 மதிப்பெண் கூடுதல். நோயாளிக்கு உறைக்கிற அளவு வித்தியாசம் என்று 6.1-ஐ முன்கூட்டியே வைத்திருந்தார்கள், மயிரிழையில் தாண்டியது. உண்மையான வித்தியாசம் 1.7 ஆகவும் இருக்கலாம், 12 ஆகவும் இருக்கலாம் என்பது புள்ளியியல் சொல்லும் எல்லை. இந்த எல்லையை விட்டுவிட்டு நடு எண்ணை மட்டும் செய்தியில் போடுவார்கள். எனக்கு அங்கேதான் கோபம் வரும். ஆபரேஷனுக்கு ஆகும் செலவையும் அந்த ஒரு வருஷத்துக்குள் கிடைத்த பலனையும் தட்டில் வைத்தால், செலவுக்கேற்ற பலன் இல்லை என்றும் அவர்களே எழுதினார்கள். 2018-இல் லான்செட் இதழில் வந்தது.

அடுத்த வருஷமே ஆக்ஸ்போர்டுக்காரர்கள் தலைமையில் இன்னொன்று, 222 பேர். எட்டு மாதத்தில் ஆபரேஷன் பக்கம் நூற்றுக்குப் பத்து மதிப்பெண் கூடுதல். அவர்கள் உறைக்கும் அளவு என்று வைத்தது 9. அதைத் தாண்டி முன்னேறியவர்கள் ஆபரேஷன் கூட்டத்தில் 51 சதவீதம், பிசியோதெரபி கூட்டத்தில் 32 சதவீதம். அதாவது ஆபரேஷன் செய்துகொண்டவர்களிலும் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு உறைக்கிற முன்னேற்றம் இல்லை. அமெரிக்க ராணுவத்தில் 80 பேரை வைத்து ஒன்று நடந்தது, இரண்டு வருஷத்தில் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் பிசியோதெரபிக்கு ஒதுக்கியவர்களில் 70 சதவீதம் பேர் நடுவிலேயே ஆபரேஷனுக்கு மாறிவிட்டார்கள். இந்தப் பக்கம் இருப்பவர்கள் அந்தப் பக்கம் போய்விட்டால் எதை எதோடு ஒப்பிடுவது?

ஆக, பிசியோதெரபியைவிட ஆபரேஷன் கொஞ்சம் மேல். சரி. ஆனால் என் பழைய பல்லவி என்ன? ஆபரேஷன் கூட்டத்துக்குத் தனக்கு ஆபரேஷன் நடந்தது தெரியும். பிசியோதெரபி கூட்டத்துக்கும் தனக்கு அது நடக்கவில்லை என்று தெரியும். மதிப்பெண் போடுகிறவர் நோயாளியேதான்.

இந்தச் சிக்கலை ஓரளவு தொட்டது கனடா, பின்லாந்து, டென்மார்க் மூன்றும் சேர்ந்து செய்த சோதனை, 2021-இல் வெளிவந்தது. இதில் எல்லோருக்கும் தியேட்டர், எல்லோருக்கும் மயக்க மருந்து, எல்லோருக்கும் கேமரா. ஒரு கூட்டத்துக்கு மேட்டைச் செதுக்கினார்கள், மற்ற கூட்டத்துக்கு மூட்டைக் கழுவிவிட்டார்கள். கிழிந்த வளையத்தைத் தைக்க வேண்டியிருந்தால் இரு கூட்டத்துக்கும் தைத்தார்கள். எந்தக் கூட்டம் என்று நோயாளிக்குத் தெரியாது. ஒரு வருஷத்தில் வலி இரு பக்கமும் ஒரே அளவு குறைந்திருந்தது. மேட்டைச் செதுக்கியதால் வலி கூடுதலாகக் குறையவில்லை.

அப்பாடா, என் கட்சி ஜெயித்தது என்று நான் எழுந்து போய்விடலாம். ஆனால் அதே சோதனையில் இரண்டு வருஷம் முடியும்போது, செதுக்கியவர்களில் 8 பேருக்கு மறுபடி ஆபரேஷன் தேவைப்பட்டது, கழுவியவர்களில் 19 பேருக்கு. சின்ன எண்கள்தான், இருந்தாலும் தள்ளிவிட முடியாது. கழுவுவது முழுப் பொய் ஆபரேஷனும் ஆகாது. இடுப்பில் முழுப் பொய் ஆபரேஷன் செய்வதும் கஷ்டம். கேமரா நுழைய இடம் கிடைக்க, காலைப் பிடித்து இழுத்து மூட்டை விலக்கி வைக்க வேண்டும். அந்த இழுப்பிலேயே சிலருக்கு நரம்பு மரத்துப்போகும்.

என்ன, நேரம் ஆகிறதா? கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டு விரல் காட்டுகிறார்கள். முழங்கால் கதையில் நிமிஷமெல்லாம் போய்விட்டது. மிச்சத்தை வேகமாகச் சொல்கிறேன்.

எக்ஸ்ரே ரிப்போர்ட்டில் மேடு இருக்கிறது என்று எழுதியிருந்தால் பதற வேண்டாம். வலியே இல்லாதவர்களின் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இடுப்பு மூட்டுகளை வைத்து 2015-இல் ஒரு தொகுப்பு வந்தது. விளையாட்டு வீரர்களில் 55 சதவீத மூட்டுகளில் மேடு, மற்றவர்களில் 23 சதவீத மூட்டுகளில். அதனால்தான் 2016-இல் வாரிக்கில் கூடிய நிபுணர்கள், வலியும் இருக்க வேண்டும், கையால் சோதித்தாலும் தெரிய வேண்டும், படத்திலும் இருக்க வேண்டும், மூன்றும் சேர்ந்தால்தான் நோய் என்று ஒப்புக்கொண்டார்கள்.

பிள்ளைகளைப் பற்றி நிறையப் பேச நினைத்தேன். நெதர்லாந்தில் கால்பந்துப் பையன்களைத் தொடர்ந்து பார்த்ததில், எலும்பு வளரும் பருவத்தில்தான் இந்த மேடு மெல்ல உருவாகிறது, எலும்பு நீள்கிற இடமான வளர்ச்சித் தட்டு மூடிய பிறகு பெரும்பாலும் அப்படியே நின்றுவிடுகிறது என்று தெரிந்தது. பயிற்சியைக் குறைத்தால் மேடு வராதா என்பதற்கும் ஒரு சோதனை வைக்க வேண்டும், ஆனால் எந்தப் பையனைக் குலுக்கலில் போட்டு விளையாடாதே என்று சொல்வது?

பிசியோதெரபி பற்றி ஒரே ஒரு வார்த்தை. அந்த ஃபேஷன் சோதனையில் கொடுத்தது ஒரு தாளில் நாலு படம் போட்டுக் கையில் திணிக்கிற பிசியோதெரபி இல்லை. மூன்று முதல் ஆறு மாதம், நேருக்கு நேர் குறைந்தது ஆறு தடவை, ஒவ்வொரு தடவையும் பயிற்சியைக் கொஞ்சம் கடினமாக்கிக்கொண்டே போனார்கள். அப்படிச் செய்தவர்கள்தான் 36-இலிருந்து 50-க்கு வந்தார்கள். சரி, நிறுத்தச் சொல்கிறார்கள். வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.