கூரையில்லாத அரண்மனை, அலுமினியக் கிரீடம்: லின்லித்கோவுல ஒரு மத்தியானம்

வணக்கம் மக்களே! காத்து சத்தம் ஜாஸ்தியா வந்தா மன்னிச்சுக்கோங்க, மைக்குக்கு மாட்டுற பஞ்சு உறைய ரூம்லயே வச்சுட்டு வந்துட்டேன். ஸ்காட்லாந்து தலைநகர் எடின்பரோவுல ரயில் ஏறி ஒரு 20 நிமிஷம். லின்லித்கோ வந்தாச்சு.

எங்கயோ கேட்ட பேரா இருக்குல்ல? நம்ம வரலாறு புக்குல வருமே, லின்லித்கோ பிரபு. 1939-ல நம்மாளுங்க யாரையும் ஒரு வார்த்தை கேக்காம, இந்தியாவும் போர்ல இறங்கிடுச்சுன்னு அறிவிச்ச வைஸ்ராய். அந்தக் கோவத்துலதான் காங்கிரஸ் மந்திரிசபைங்க ராஜினாமா பண்ணுச்சு, சென்னையில ராஜாஜியும் பதவிய விட்டாரு. அது ஒரு ஆளோட பேருன்னே ரொம்ப நாள் நெனச்சுட்டு இருந்தேன். ஊர் பேருன்னு தெரிஞ்சப்புறம் வராம இருக்க முடியுமா? ஆனா பிரபுவோட குடும்ப மாளிகை இந்த ஊர்ல இல்ல, கொஞ்சம் தள்ளி ஹோப்டவுன்ல இருக்கு. அவர இன்னிக்கு விட்டுருவோம்.

இப்ப அரண்மனை முற்றத்துல நிக்கிறேன். கேமராவ மேல திருப்புறேன், பாருங்க. வானம்! கூரையே கிடையாது. அந்தச் சுவத்துல ரெண்டாவது மாடி உயரத்துல ஒரு கணப்படுப்பு தெரியுதா? அடுப்பு இருக்கு, நின்னு குளிர்காயத் தரை இல்ல. அந்தரத்துல தொங்குது. இங்க வந்ததுலருந்து நான் இதத்தான் பாத்துட்டே இருக்கேன்.

1424-ல ஊரே தீப்பிடிச்சு எரிஞ்சப்புறம் முதலாம் ஜேம்ஸ் ராஜா கட்ட ஆரம்பிச்ச அரண்மனை இது. பின்னாடி வந்த ஜேம்ஸ்கள் ஆளுக்குக் கொஞ்சம் சேத்தாங்க. 1542 டிசம்பர் 8 அன்னிக்கு மேரி ராணி இங்கதான் பொறந்தாங்க. ஆறாவது நாள் அப்பா ஐந்தாம் ஜேம்ஸ் செத்துப்போறாரு, தொட்டில்ல கெடந்த கொழந்தை ஸ்காட்லாந்துக்கே ராணி! பேரு கூட வச்சாங்களோ இல்லயோ.

நடுவுல இருக்கிற இந்த நீரூற்ற மேரியோட அப்பாதான் 1538 வாக்குல வச்சாரு. மூணு அடுக்கு, கிட்ட வந்தா கல்லுல கிரீடம், மிருகங்க, மனுஷ உருவங்கன்னு எடமே விடாம செதுக்கியிருக்காங்க. 1745-ல பிரிட்டன் அரியணை தன் குடும்பத்துக்குத்தான்னு கெளம்பின இளவரசர் சார்லஸ் எட்வர்ட் படையோட இந்த வழியா வந்தப்ப இதுல ஒயினே ஓடுச்சாம். அஞ்சு மாசம்கூட ஆகல, அவர விரட்டிட்டு வந்த அரசாங்கப் படைத் தளபதி கம்பர்லாண்ட் கோமகனோட சிப்பாய்ங்க ராத்திரி இங்க தங்கிட்டு, மூட்டின தீய ஒழுங்கா அணைக்காம கெளம்பிட்டாங்க. 1746-ல எரிஞ்சதுதான், அதுக்கப்புறம் கூரையே போடல.

சரி, வெளிய வந்துட்டேன். இந்தப் புல்வெளி மொத்தமும் பூங்கா, பீல்னு சொல்றாங்க. 1302-ல இங்கிலாந்து ராஜா முதலாம் எட்வர்ட் இங்க மரவேலி அடிச்சுக் கோட்டை போட்டாரு, அந்த வேலிக்குத்தான் அந்தப் பேரு. அதப் புடிச்ச கதை இருக்கே, சினிமாவுல வச்சா நம்ப மாட்டோம். வில்லியம் பின்னக்னு ஒரு விவசாயி, கோட்டைக்குப் புல்லு சப்ளை பண்றவரு. புல்லுவண்டிக்குள்ள ஆளுங்கள ஒளிச்சு ஓட்டிட்டு வந்து, கரெக்டா வாசல்ல நிறுத்திட்டாரு. மேலருந்து விழுற இரும்புக் கதவு வண்டி மேல மாட்டிக்கிச்சு. மூட முடியல, கோட்டை போச்சு!

கீழ தெரியுறது ஏரி. சுத்தி நடந்தா நாலு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கொறச்சல். அன்னப்பறவை, நாய் கூட்டிட்டு வர்றவங்க, அவ்ளோதான் கூட்டம். நானும் பாதி சுத்திட்டுத் திரும்பிட்டேன், ஷூவெல்லாம் சேறு.

அரண்மனைய ஒட்டி இருக்கிறது செயின்ட் மைக்கேல் தேவாலயம். கோபுர உச்சியில ராக்கெட் மாதிரி ஒண்ணு நிக்குதே, அது அலுமினியம்! பழைய கல் கிரீடத்தோட கனத்த கோபுரம் தாங்காதுன்னு 1820 வாக்குல எறக்கிட்டாங்க. 1964-ல மரச்சட்டத்துல அலுமினியத் தகடு போத்தி இத வச்சாங்க, முள்கிரீடம் மாதிரி. பழைய கோயில்ல இது எதுக்குன்னு அப்ப ஊருக்குள்ள பெரிய சண்டை. என்னக் கேட்டா, தூரத்துலருந்து பாக்க அழகு. கிட்ட வந்தா கொஞ்சம் டிவி ஆண்டெனா ஞாபகம் வருது. திட்டுறதுன்னா கமெண்ட்ல திட்டுங்க.

ஸ்டேஷனுக்குப் போற வழி, ஹை ஸ்ட்ரீட். 1570 ஜனவரில மோரே பிரபு, மேரியோட பையனுக்காக நாட்ட ஆண்டுட்டு இருந்தவரு, குதிரையில இந்தத் தெருவுல வர்றாரு. ஒரு வீட்டு ஜன்னல்லருந்து துப்பாக்கிச் சூடு. காயப்போட்ட துணிக்குப் பின்னாடி ஒளிஞ்சு சுட்டான்னு சொல்றாங்க. நாட்டை ஆள்ற ஒருத்தர துப்பாக்கியால சுட்டுக் கொன்னதா பதிவான முதல் சம்பவம் இதுதானாம். இப்ப அதே தெருவுல ஒரு பாட்டி தள்ளுவண்டியில காய் வாங்கிட்டுப் போறாங்க.

ஐயோ, ரயிலுக்கு ஆறு நிமிஷம்தான் இருக்கு. ஓடுறேன் மக்களே, மீதிய வண்டியில ஏறிச் சொல்றேன்.