ஆடிப்பட்டமும் அடுப்பங்கரையும்

(ஆடி மாதத் தொடக்கத்தில், சென்னையில் மாடித்தோட்டம் வைத்திருப்போர் கூடிய அவையொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

அவையோர் அனைவருக்கும் என் வணக்கம். ஆடி பிறந்து சில நாள்களே ஆகின்றன. ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்ற பழமொழியைக் கேளாதவர் இங்கே இருக்க மாட்டார்கள். ஆனால், அந்தச் சொல் வயலுக்கு மட்டுமே உரியது என்று ஒதுக்கிவிட்டு, மொட்டைமாடியில் பைகளை அடுக்கும்போது எந்த மாதத்திலும் எந்தச் செடியையும் வளர்த்துவிடலாம் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். பன்னிரண்டு ஆண்டுகளாக இந்த ஊரில் ஒரு மாடியில் காய்கறி வளர்த்து, அங்கே விளைந்ததைக் கொண்டு சமைத்தும் வருகிறேன். விதைப்புக்கு உரிய பருவமாகிய பட்டத்தை மறந்தால் தோட்டமும் நிலைக்காது, அந்தத் தோட்டத்தை நம்பிய சமையலும் நிலைக்காது என்று அந்த ஆண்டுகள் எனக்குக் கற்பித்தன. அதைத்தான் இன்று விரித்துச் சொல்ல வந்திருக்கிறேன்.

தளத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் மேலே செல்வது முறையாகாது. ஆள்கள் ஏறிப் புழங்கும் மொட்டைமாடிக்கு, ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ சுமை என்ற கணக்கில்தான் நம் நாட்டுக் கட்டட விதிகள் வடிவமைப்பை வகுத்திருக்கின்றன. 24 சென்டிமீட்டர் நீள அகலமும் 40 சென்டிமீட்டர் உயரமும் உள்ள ஒரு பையில் 23 லிட்டர் கொள்ளும். அதை வெறும் மண்ணால் நிரப்பி நீர் ஊற்றினால் எடை 40 கிலோவை எட்டிவிடும். அதனால்தான் செம்மண், தென்னை நார்க்கழிவு, மட்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் ஆகிய மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்பச் சொல்கிறோம். எடை குறைகிறது, நீர் தங்குகிறது, வேர் மூச்சுவிடுகிறது. பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கையும் சேர்த்து, கலவையை ஈரமாக்கி, பத்து நாள் விட்டு வைத்த பிறகே விதையை ஊன்ற வேண்டும். கனமான தொட்டிகளைத் தளத்தின் நடுவில் குவிக்காமல், கீழே சுவரோ விட்டமோ தாங்கும் ஓரங்களில் வையுங்கள்.

நார்க்கழிவில் ஒரு சிக்கல் உண்டு. கட்டியாக அழுத்தி விற்கப்படும் நார்க்கழிவில் பெரும்பாலும் உப்பு மிகுந்திருக்கும். நான் முதலாண்டில் வாங்கிய கட்டிகளை ஊறவைத்து அப்படியே பைகளில் நிரப்பினேன். இரண்டாம் வாரத்திலேயே கத்தரி நாற்றுகளின் இலை ஓரங்கள் தீய்ந்தாற்போல் பழுத்துக் கருகின. பூச்சி என்று எண்ணி வேப்பெண்ணெய் தெளித்து மேலும் பத்து நாள்களை வீணாக்கினேன். இன்று, பழுப்பு நிறம் வடிந்து நீர் ஏறத்தாழத் தெளியும்வரை மூன்று முறையேனும் அலசாமல் ஒரு பிடி நார்க்கழிவையும் நான் பயன்படுத்துவதில்லை.

இனிப் பட்டத்திற்கு வருகிறேன். சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடுகிறது. மே மாதம் 4ஆம் நாள் தொடங்கும் அக்கினி நட்சத்திரத்தில் தளத்தின் மேல் வெறுங்காலோடு நிற்க இயலாது. இந்த இரண்டு கடுமைகளுக்கும் இடையில், எந்தச் செடி எப்போது பூக்கும், எப்போது காய் பிடிக்கும் என்று அறிந்து விதைப்பதே பட்டம் பார்ப்பது. தக்காளியையே எடுத்துக்கொள்ளுங்கள். பங்குனியில் நட்டால் செடி தழைத்து வளரும், பூவும் பூக்கும்; ஆனால் பகல் வெப்பம் 35 பாகை செல்சியஸைக் கடந்து, இரவும் குளிராதபோது மகரந்தம் வீரியம் இழப்பதால், பூவெல்லாம் காம்போடு உதிர்ந்துவிடும். எத்தனை பஞ்சகவ்யம் தெளித்தாலும் அது நிற்காது. மழைக்காலத்தில் தாழ்வாரத்தில் குழித்தட்டில் நாற்றுவிட்டு, மழை ஓயும் கார்த்திகைக் கடைசியில் நட்டவருக்கு மாசியில் பழம் கிடைக்கிறது. உரமும் உழைப்பும் ஒன்றுதான். மாதம் மட்டுமே வேறு.

இதைவிட வியப்பானது அவரை. நம் நாட்டுக் கொடி அவரையும் மொச்சையும் பகற்பொழுதின் நீளத்தை அளந்து பூக்கும் இனங்கள். சென்னையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்தான். அந்தச் சிறு வேறுபாட்டை நாம் உணர்வதே இல்லை, கொடி உணர்கிறது. பகல் நீண்டிருக்கும்வரை அது இலையையும் தண்டையும் மட்டுமே பெருக்கும். செப்டம்பர் பிற்பகுதியில் பகலும் இரவும் சமமாகி, பிறகு பகல் இரவைவிடக் குறுகியதும்தான் பூங்கொத்துக்கு ஆயத்தமாகும். ஆகவே ஆடியில் விதைத்தால், பந்தல் நிறையப் படர்வதற்கு மூன்று மாதம் கிடைத்து, கார்த்திகையிலிருந்து மாசி வரை காய்த்துக் குலுங்குகிறது. தையில் விதைத்தால், கொடி வலுப்பெறுவதற்குள் பகல் நீளத் தொடங்கி, ஆண்டின் பெரும்பகுதி இலையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க நேரிடும். ஆடியில் ஊன்றும் விதைக்கும் தைப்பொங்கலன்று அடுப்பில் கொதிக்கும் குழம்புக்கும் இடையிலான உறவு இதுதான். பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத, கொடியாகப் படராத குத்தவரை இனங்களும் இப்போது கிடைக்கின்றன. எந்த மாதமும் விதைக்கலாம். நான் அவற்றைக் குறை சொல்லவில்லை. ஆனாலும் கொடி அவரையின் மணம் அவற்றில் இல்லை என்றே என் நாக்குச் சொல்கிறது.

பொங்கல் குழம்பைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச அனுமதியுங்கள். என் மாமியார் திருநெல்வேலிப் பக்கத்தவர். அவரை, மொச்சை, பரங்கி, வாழைக்காய், கத்தரி, சர்க்கரைவள்ளி, சிறுகிழங்கு என்று பல காய் சேர்த்துக் குழம்பு வைப்பதை அவரிடமிருந்துதான் கற்றேன். மாடித்தோட்டம் வைத்த புதிதில் எனக்கிருந்த பெருங்குறை, எந்தக் காயும் ஒரு பொரியலுக்குத் தேவையான அளவில் ஒரே நாளில் கிடைப்பதில்லை என்பது. இன்றைக்கு நான்கு வெண்டை, இரண்டு கத்தரி, ஒரு பிடி அவரை, ஒரு முருங்கைக்காய். இதை வைத்து என்ன செய்வது என்று தெரியாமல், பறித்ததைக் குளிர்பெட்டியில் வாடவிட்டுக் கடைக்குப் போன நாள்கள் உண்டு. மாமியார்தான் தெளிவுபடுத்தினார்: ‘கூட்டும் அவியலும் கதம்பச் சாம்பாரும் எதுக்கு இருக்கு? வீட்டுக் கொல்லையில காய்க்கிறது இப்படித்தான் காய்க்கும், மருமகளே.’ காய் வகைக்கு ஒன்றிரண்டாகப் போட்டுச் சமைக்கும் இந்த முறைகள் எல்லாமே கொல்லைத் தோட்டத்தில் பிறந்தவை என்று அன்றிலிருந்து நான் உறுதியாக நம்புகிறேன். கிலோக் கணக்கில் ஒரே காயை வாங்கும் வழக்கம் வந்த பிறகுதான், ஒரு வேளைக்கு ஒரு காய் என்ற சமையல் நம் வீடுகளில் ஓங்கியது.

கதம்பமாகச் சமைப்பதில் கவனம் தேவைப்படுவது, காய்களைச் சேர்க்கும் வரிசையில். மொச்சையை முன்கூட்டியே வேகவைத்துக்கொள்ள வேண்டும். சிறுகிழங்கும் வாழைக்காயும் முதலில் புளிநீர் சேராத வெறும் நீரில் பாதி வேக வேண்டும். புளி முதலிலேயே சேர்ந்தால் காய் இறுகி, எவ்வளவு நேரம் கொதித்தாலும் மென்மையாகாது. அதன்பின் அவரையும் கத்தரியும். கரைந்துவிடும் இயல்புள்ள பரங்கியும் சர்க்கரைவள்ளியும் கடைசியில். கொத்தமல்லி விதை, கடலைப்பருப்பு, மிளகாய், தேங்காய் ஆகியவற்றை வறுத்து அரைத்த விழுது சேர்ந்து ஒரு கொதி வந்ததும் இறக்கிவிட வேண்டும். அன்று பறித்த அவரைக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

சுரை, பீர்க்கு, பூசணி போன்ற கொடிக் காய்கள் பிஞ்சிலேயே வெம்பி விழுகின்றன என்பது என்னிடம் மிகுதியாகக் கேட்கப்படும் குறை. மூன்றாம், நான்காம் மாடிகளுக்குத் தேனீக்கள் போதிய அளவில் வருவதில்லை. மகரந்தம் சேராத பெண்பூ மஞ்சளாகி உதிர்கிறது. பூவின் அடியில் சிறு பிஞ்சு இருந்தால் அது பெண்பூ. வெறும் காம்பு இருந்தால் ஆண்பூ. ஆண்பூவைப் பறித்து இதழ்களை நீக்கி, பெண்பூவின் நடுவில் மெதுவாகத் தடவிவிட்டால் போதும். ஆனால் வேளை முக்கியம். பூசணியும் பரங்கியும் விடியலில் மலர்ந்து முற்பகலிலேயே கூம்பிவிடுகின்றன. சுரையும் பீர்க்கும் புடலையும் மாலை சாயும்போது மலர்கின்றன. காலையில் மட்டும் மாடிக்குப் போகிறவர் சுரைப்பூவை விரிந்த நிலையில் காண்பதே அரிது. ‘மாரிப் பீரம்’ என்று சங்கப் பாடலில் ஒரு தொடர் உண்டு. மழைக்காலத்தில் வீட்டுப் படப்பையில், அதாவது கொல்லைத் தோட்டத்தில், மலரும் பீர்க்கம்பூ அது. ஆடியில் விதைத்த பீர்க்கு புரட்டாசி மழையில் மஞ்சளாகப் பூத்து நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம், அந்தச் சொல்லை எழுதியவரும் இதே பட்டத்தைத்தான் பார்த்தார் என்று எண்ணி நெகிழ்ந்துபோகிறேன்.

பூச்சிகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். அசுவினிக்கும் மாவுப்பூச்சிக்கும், தொடக்கத்திலேயே கண்டால், வேகமாக நீரைப் பீய்ச்சுவதே பெரும்பாலும் போதும். மீறினால் ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லிலிட்டர் வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து மாலையில் தெளிக்கலாம். வெண்டையில் நரம்பு மஞ்சளாகும் தேமல் நோய்க்கு மருந்தில்லை. அதைப் பரப்புவது வெள்ளை ஈ. அந்தச் செடியைத் தயங்காமல் பிடுங்கி அகற்றிவிட்டு, மஞ்சள் ஒட்டுப்பொறியைக் கட்டுங்கள். பஞ்சகவ்யத்தை லிட்டருக்கு 30 மில்லிலிட்டருக்கு மேல் கலக்க வேண்டாம்.

கோடையில் மாடி ஓய்ந்துவிடும் என்று பலர் பைகளைக் கவிழ்த்து வைக்கிறார்கள். நிழல்வலையின் கீழ் கொத்தவரையும் தண்டுக்கீரையும் அந்த வெயிலையும் தாங்கி வளர்கின்றன. வேறெந்தக் காலத்திலும் கிடைக்காத ஒரு வசதியும் கோடைக்கு உண்டு. அது வற்றல் போடும் வெயில். சுண்டைக்காயைக் கீறி மோரில் ஊறவைத்து மூன்று நான்கு நாள் உலர்த்தினால், ஐப்பசியில் கீரைப் பைகள் மழையில் அழுகிக் கிடக்கும் நாள்களில் வற்றல் குழம்புக்கு அது வந்து நிற்கும். மழைக்காலத்தில் கீரை உண்ண வேண்டாம் என்று பெரியவர்கள் சொன்னதற்கும், மண் தெறித்து அழுக்கும் நத்தையும் சேர்ந்த இலையை எத்தனை முறை அலசினாலும் நம்ப இயலாத நிலைக்கும் தொடர்புண்டு. கீரைக்கு உரிய காலம் மழை ஓய்ந்த மார்கழி முதல்தான். சிறுகீரை 25 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். ஒரே நாளில் எல்லாப் பைகளிலும் விதைக்காமல், பத்து நாளுக்கு ஒரு பை என்று விதைத்துக்கொண்டே வந்தால் பத்து நாளுக்கு ஒருமுறை மசியல் உண்டு. பறித்த கீரையைச் சமைக்கும்போது பாத்திரத்தை மூடாதீர்கள். கீரையிலிருந்து ஆவியாகும் அமிலம் வெளியேறினால்தான் பச்சை நிறம் நிற்கும்.

நான் கொண்டுவந்திருக்கும் கொடி அவரை விதை மேசையில் இருக்கிறது. என் பந்தலில் முற்றி உலர்ந்த காய்களிலிருந்து எடுத்துச் சாம்பல் கலந்து வைத்தது. வீட்டுக்கு ஐந்து விதை எடுத்துக்கொள்ளுங்கள். இரவு ஊறவைத்து, ஒரு பைக்கு இரண்டு விதையாக, ஒரு விரற்கணு ஆழத்தில் ஊன்றி, முளைத்த பின் வலுவானதை மட்டும் விட்டுவையுங்கள். கொடி பந்தலை எட்டும்வரை பக்கக் கிளைகளைக் கிள்ளிவிடுங்கள். எட்டியதும் நுனியைக் கிள்ளுங்கள், படரும். தழைச்சத்து உரத்தை மிகுதியாக இட வேண்டாம். ஆவணியும் புரட்டாசியும் வெறும் இலையாகவே கழியும். ஐப்பசி முடிவதற்குள், பூவைக் காணவில்லையே என்று கொடியைப் பிடுங்கிவிடாதீர்கள்.