சிறைக்கு முன்பே எழுதப்பட்ட சிறை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

‘15-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் சிறைக் கவிதைகளுக்கு உயிர் தந்தது சிறைவாசமா, கவிஞர் கற்ற மரபா?’ என்பது இன்றைய வழக்கு. மரபே என்று வாதாட வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர், பிரெஞ்சுக் கவிஞரான ஓர்லேயான் கோமகன் சார்லின் 25 ஆண்டுச் சிறைவாசத்தை உருக்கமாக எடுத்துரைத்து, அந்தத் துயரம் இல்லாவிட்டால் அந்தக் கவிதைகளே இல்லை என்று முடித்தார். அவையின் கண்கள் கலங்கியதை நானும் பார்த்தேன். ஆனால் கலங்கிய கண்கள் சான்று ஆகிவிடாது என்பதால், அவர் நிறுத்திய சாட்சியையே குறுக்கு விசாரணை செய்கிறேன்.

1415 அக்டோபரில், ஆங்கிலேயரிடம் பிரெஞ்சுப் படை தோற்ற அஜின்கோர் போர்க்களத்தில் பிடிபட்ட சார்ல், 1440 வரை இங்கிலாந்தில் கோட்டை மாற்றிக் கோட்டையாகக் காவலில் இருந்தார். அதே களத்தில் பிடிபட்ட பிரெஞ்சுப் பிரபுக்கள் பலர். அவர்களுள் போர்போன் கோமகன் விடுதலை காணாமலே 1434-இல் இங்கிலாந்தில் இறந்தார். சிறைதான் கவிஞனை ஆக்குகிறது என்றால் அவர்கள் எல்லோரும் பாடல் தொகுதிகளை விட்டுச் சென்றிருக்க வேண்டாமா? சார்லோ போருக்கு முன்பே எழுதியவர். காதல் தேவனின் அவையில் தாம் பணியாளராகச் சேர்க்கப்பட்டு, தம் இதயத்தையே பிணையாக ஒப்படைத்ததாக அவர் பாடிய நெடும்பாட்டை, அஜின்கோருக்கு முற்பட்டது என்றே அறிஞர் பலர் கருதுகின்றனர். ஆக, ஆங்கிலேயர் கையில் சிக்குவதற்கு முன்பே அவர் தம் கவிதையில் கைதியாகிவிட்டார். அந்தக் கற்பனையும் அவருக்குச் சொந்தமானதன்று. 13-ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுக் காதல் காவியமான ‘ரோஜாவின் காதை’யில் பொறாமை என்னும் பாத்திரம் கோட்டை எழுப்பி, காதலனை வரவேற்ற நல்வரவு என்னும் பாத்திரத்தைக் கோபுரத்தில் அடைக்கிறது. சார்லின் பாடல்களில் நம்பிக்கையும் துயரமும் மனிதர்களைப் போல் நடமாடுவது அந்தப் பள்ளியில் அவர் கற்ற பாடம். டோவர் கரையில் நின்று பிரான்ஸ் நாட்டை நோக்கி ஏங்கும் அவருடைய பாடலை எதிரணியினர் படித்துக் காட்டினார்கள். அது அருமையான பாடல்தான், மறுக்கவில்லை. ஆனால் அப்படி இடம் சுட்டி அழும் பாடல்கள் அந்தத் தொகுதியில் அரிது என்பதை அவர்கள் சொல்லாமல் விட்டார்கள்.

ஸ்காட்லாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸைப் பற்றி நீண்ட விசாரணை தேவையில்லை. 1406-இல் சிறுவனாகக் கடலில் பிடிபட்டு 1424 வரை இங்கிலாந்தில் இருந்த அவர் எழுதியதாகப் பெரும்பாலோர் ஏற்கும் ‘மன்னனின் நூல்’ எப்படித் தொடங்குகிறது? தூக்கம் வராத இரவில் ரோமானிய மெய்யியலாளர் போயிதியஸின் நூலைப் படிப்பதில் தொடங்குகிறது. 6-ஆம் நூற்றாண்டில் மரண தண்டனையை எதிர்நோக்கிய அந்தக் கைதி, மெய்யியல் ஒரு பெண்ணாக வந்து தம்மைத் தேற்றியதாக எழுதிய நூல் அது. பிறகு சிறைச் சாளரத்தின் வழியே தோட்டத்தில் ஒரு பெண்ணைக் கண்டு காதல் கொள்கிறார் ஜேம்ஸ். ஆங்கிலக் கவிஞர் சாசரின் ‘வீரர் கதை’யிலும் கோபுரக் கைதிகள் இருவர் அப்படித்தான் காதல் கொள்கிறார்கள். ‘மன்னனின் நூல்’ முடிவில், ஆங்கிலக் கவிஞர்களான ஜான் கவர், சாசர் இருவரையும் தம் ஆசான்கள் என்று அவரே வணங்குகிறார். ஆசிரியரே ஒப்புக்கொண்ட கடனை எதிரணியினர் ஏன் மறைக்க வேண்டும்?

எதிரணியின் வலிமையான சாட்சி பிரெஞ்சுக் கவிஞர் பிரான்சுவா வியோன். அவர் கோமகனும் இல்லை, மன்னரும் இல்லை. 1461 கோடையில் மோங் நகரச் சிறையில் ஆயர் திபோ தோசிஞி தமக்குச் சிறு ரொட்டியும் தண்ணீரும் மட்டுமே தந்ததாக ‘மரண சாசனம்’ என்ற நூலின் தொடக்கத்திலேயே சாடுகிறார். அந்தக் கசப்பு நிஜம். அதைக் கற்பனை என்று சொல்ல எனக்கு நா எழாது. ஆனால் அந்தக் கசப்பு எந்தப் பாத்திரத்தில் ஊற்றப்பட்டது என்று பாருங்கள். இல்லாத சொத்தை உயில் எழுதி ஊராருக்குப் பங்கிடும் அந்தக் கேலியை, எட்டடிச் செய்யுளிலேயே, மோங் சிறையைக் காண்பதற்கு முன்பே, 1456-இல், அவர் ஒருமுறை எழுதி முடித்திருந்தார். 1452-இல் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம் பெற்ற அவருக்குச் சட்ட ஆவணத்தின் நடையும் வழிபாட்டின் நடையும் கைவந்தவை. பசி அவருக்கு ஒரு எதிரியைக் கொடுத்தது, குரலைக் கூர்மையாக்கியது. நூலின் கட்டுமானம் அவரிடம் ஏற்கெனவே இருந்தது. 1463-இல் லண்டன் ஃப்ளீட் சிறையிலிருந்து எழுதிய அரசு எழுத்தர் ஜார்ஜ் ஆஷ்பியும் பொறுமையைப் போற்றும் பழைய ஆறுதல் மரபுக்குள்ளேயே நின்று பாடினார் என்பதை இங்கே சேர்த்துக்கொள்கிறேன்.

இனி, விடுதலைக்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். பிரான்சில் தம் புளுவா அரண்மனையில், தம் நூல்கள் சூழ, நண்பர்கள் சூழ வாழ்ந்த சார்ல் ‘ஊற்றருகே இருந்தும் தாகத்தால் சாகிறேன்’ என்ற அடியைக் கொண்டு பலரும் பாடிய கவிதைகளைத் தம் ஏட்டில் சேர்த்தார். வியோன் பாடியதும் அதில் உண்டு. தாகம் அங்கே கொடுக்கப்பட்ட தலைப்பு, அவ்வளவே. அதே சார்ல் தம் வாழ்நாளின் இறுதியில், தாம் துயரத்தின் மாணவன் என்றும், கவலையின் பிரம்படி பட்டுப் படிப்பறையில் பிடித்துவைக்கப்பட்டிருப்பதாகவும் பாடுகிறார். வாயிலில் காவலன் இல்லை, மீட்புப் பணம் கேட்பவன் இல்லை, இங்கிலாந்தும் கடலுக்கு அப்பால். அந்தப் பாடலை எழுதியது எந்தச் சிறை என்று எதிரணியினர் சொல்லட்டும், நான் அமர்கிறேன்.