துணியை அலசுவது யார்?

(மதுரையில் இளம் பெற்றோர்களுக்காக நடந்த கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

அழைப்பிதழில் ‘சுற்றுச்சூழலுக்கு இசைந்த குடும்ப வாழ்க்கை’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். அந்தத் தலைப்பில் பேசத் தொடங்கினால் வைகை முதல் வானம் வரை எதை வேண்டுமானாலும் பேசலாம். ஆனால் என் எதிரே அமர்ந்திருப்பவர்களில் பாதிப்பேர் மடியில் குழந்தை இருக்கிறது. ஆகவே, அந்தக் குழந்தையின் இடுப்பில் இருக்கும் டயப்பரைப் பற்றியும், அதற்கு மாற்றான துணியைப் பற்றியும் மட்டுமே இன்று பேசலாம் என்றிருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் மகள் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். பேத்தி பிறந்த இரண்டாம் வாரத்திலேயே எங்கள் வீட்டுக் குப்பைக்கூடை நாளுக்கு ஒருமுறை நிரம்பத் தொடங்கியது. “நாங்களெல்லாம் பழைய வேட்டித் துணியில் வளர்ந்தவர்கள்தானே” என்று நான் உபதேசம் செய்யப் போனேன். “சரிப்பா, துணியே கட்டுவோம். அலசிப் போடுறது யாருப்பா?” என்று கேட்டாள் மகள். எனக்குப் பதில் வரவில்லை. எனக்குக் கட்டிய துணிகளை என் தாயார் துவைத்திருக்கிறார். மகளுக்குக் கட்டியவற்றை என் மனைவி துவைத்தார். இரண்டு தலைமுறையிலும் அந்த வாளியில் என் கை நனைந்ததே இல்லை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். பிறந்த குழந்தைக்கு ஒரு நாளைக்கு எட்டு, பத்து முறைகூட மாற்ற வேண்டியிருக்கும்; வளர வளர அது குறையும். சராசரியாக ஆறு என்று வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 2,190 டயப்பர்கள், இரண்டு ஆண்டுகளில் 4,380. ஒவ்வொன்றின் வெளிப்புறமும் மெல்லிய பிளாஸ்டிக் படலம், உட்புறம் மரக்கூழ்; அந்தக் கூழுக்குள் கலந்திருக்கும் வெண்ணிறத் துகளுக்கு சோடியம் பாலிஅக்ரிலேட் என்று பெயர். தூய நீரென்றால் தன் எடையைப் போல நூறு மடங்குக்கும் மேல் உறிஞ்சிக் கூழாகிவிடக்கூடிய பொருள் அது. குழந்தை இரவெல்லாம் நனையாமல் தூங்குவதற்கு அந்தத் துகள்தான் காரணம். பந்தல்குடி வாய்க்காலில் தூக்கியெறியப்பட்ட டயப்பர் தலையணைபோல் உப்பி நீரோட்டத்தை அடைத்துக்கொள்வதற்கும் அதே துகள்தான் காரணம்.

‘பிளாஸ்டிக்தானே, சாலை போடப் பயன்படுத்திக்கொள்ளலாமே’ என்று சிலர் கேட்பதுண்டு. நம் ஊர் தியாகராசர் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் கழிவுப் பிளாஸ்டிக்கைக் கொண்டு தார்ச்சாலை அமைக்கும் முறையை உருவாக்கி, 2018-இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர் என்பதால், மதுரைக்காரர்களுக்கு அந்த நம்பிக்கை சற்றுக் கூடுதலாகவே இருக்கிறது. ஆனால் அவருடைய முறையில், சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்கும் பிளாஸ்டிக்கைத் துண்டுகளாக்கி, சூடேற்றிய ஜல்லியின் மேல் உருக்கிப் பூச வேண்டும். மலமும் மூத்திரமும் மரக்கூழும் கலந்து ஈரத்தில் ஊறிய ஒரு பொருளை அந்த ஜல்லியில் போட முடியாது. அது வெள்ளைக்கல் குப்பைக்கிடங்குக்குத்தான் போகும். அங்கே போகாவிட்டால் தெருமுனையில் எரியும். எரிப்பது எல்லாவற்றிலும் மோசம். உடல் எடையோடு ஒப்பிட்டால் பெரியவர்களைவிடக் குழந்தைகள் அதிகக் காற்றை உள்ளிழுக்கிறார்கள், அதுவும் தரைக்கு அருகிலிருந்து. எந்தக் குழந்தைக்காக வாங்கினோமோ அந்தக் குழந்தையின் நுரையீரலுக்கே புகையாகத் திரும்பி வரும்.

அப்படியானால் துணிதான் வழியா என்றால், அவசரப்பட்டு ஆமென்று சொல்லிவிட முடியாது. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2008-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், வழக்கமான முறையில் துவைத்துப் பயன்படுத்தும் துணிக்கும், ஒருமுறை பயன்படுத்தி எறியும் டயப்பருக்கும் கரியமில வாயுக் கணக்கில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. துணியைக் கொதிக்கும் நீரில் துவைத்து மின் உலர்த்தியில் காயவைத்தால், துணியின் பாடு டயப்பரைவிட மோசமாகக்கூடப் போய்விடும். ஆனால் இயந்திரத்தை நிறைத்துத் துவைத்து, கொடியில் காயப்போட்டு, அதே துணிகளை இரண்டாவது குழந்தைக்கும் பயன்படுத்தினால் பாதிப்பு ஏறக்குறைய 40 விழுக்காடு குறைகிறது. அங்கே அறிவுரையாகச் சொல்லப்படும் மொட்டை மாடிக் கொடியும் வெயிலும் நமக்குக் கேட்காமலேயே கிடைத்திருக்கின்றன. சித்திரை மாதத்தில் காலை பத்து மணிக்குப் போட்ட துணி பதினொன்றரைக்கு முறுக்காக உலர்ந்துவிடுகிறது. கிருமியை ஒழிப்பதிலும் வெயிலுக்குப் பெரும் பங்குண்டு.

நமக்குக் குறைவாக இருப்பது தண்ணீர். கோடையில் குடங்களை வரிசையில் வைத்துத் தண்ணீர் பிடிக்கும் தெருக்களில் போய், நாளுக்குப் பத்துத் துணி துவையுங்கள் என்று சொல்வதற்கு எனக்கு வாய் வரவில்லை. அங்கே முதல் அலசலுக்குக் காய்கறி கழுவிய நீரையோ, குழந்தையைக் குளிப்பாட்டிய நீரையோ பயன்படுத்தலாம். இறுதி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர் போதும். மலத்தைத் தட்டிக் கழிப்பறையில் போட்டுவிட்டுத் துணியை உடனே அலசிவிட வேண்டும்; ஊறவிட்டால் கறையும் வாடையும் போக இருமடங்கு தண்ணீர் செலவாகும். துணியை மென்மையாக்கும் வாசனைத் திரவம் எதுவும் வேண்டாம். அது துணியின் உறிஞ்சும் தன்மையைக் கெடுப்பதோடு, பிஞ்சுத் தோலில் தடிப்பையும் வரவழைக்கும்.

எங்கள் வீட்டில் கடைசியில் நிலைத்தது ஓர் இடைவழிதான். பகல் முழுக்கத் துணி. இரவிலும் வெளியூர்ப் பயணத்திலும் டயப்பர். நாளுக்கு ஆறு என்றிருந்தது ஒன்றானது. எனக்கு முழுமையில் நம்பிக்கை கிடையாது. முழுமையாகத் தொடங்கிய வீடுகள் மூன்றாம் வாரமே கைவிட்டதைப் பார்த்திருக்கிறேன். கைவிட்டவர்கள் சோம்பேறிகள் அல்லர். ஆறு மணி நேரம்கூடத் தூங்காத ஒரு பெண்ணின் தலையில் இன்னொரு வாளியை ஏற்றி, அதற்குச் ‘சுற்றுச்சூழல்’ என்று பெயர் வைத்தால் எந்த வீட்டில்தான் நிலைக்கும்?

ஆகவே இங்கே வந்திருக்கும் தந்தையர்களிடமும் தாத்தாக்களிடமும் ஒரு வேண்டுகோள். துணி கட்டலாம் என்று வீட்டில் பேச்சை எடுக்கும் முன், ‘காலை வாளி என்னுடையது’ என்று சொல்லிவிட்டு எடுங்கள். நான் எடுத்துக்கொண்டேன். முதல் வாரம் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் செய்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருபது நிமிட வேலை; மாடிக்கு ஏறி இறங்குவதால் மருத்துவர் சொன்ன நடையும் கணக்கில் சேர்ந்தது.

பயன்படுத்திய டயப்பரைப் பற்றி ஒரே ஒரு செய்தி. உள்ளிருக்கும் மலத்தை மட்டும் கழிப்பறையில் கொட்டிவிட்டு, இறுகச் சுருட்டி, பழைய செய்தித்தாளில் பொதிந்து, தனியாகத் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள். திறந்தபடி கொடுத்தால் அதைக் கையால் பிரிக்க வேண்டியிருப்பவர் இன்னொரு குழந்தையின் தாய். பொதிந்துதான் கொடுக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே எழுதப்பட்டிருந்தது. ஈரத் துடைப்பான்களுக்கும் இதுவே பொருந்தும். பெரும்பாலானவற்றில் செயற்கை இழை இருப்பதால் அவற்றைக் கழிப்பறையில் போட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். வீட்டில் இருக்கும்போது நனைத்த பருத்தித் துணியே போதும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் துணி காயாது. மின்விசிறிக்கு அடியில் போட்டாலும் ஓரம் ஈரமாகவே இருக்கும். ஈரத் துணியைக் கட்டினால் குழந்தைக்குத் தொடையிடுக்கில் புண் வந்துவிடும். அந்த நாட்களில் பகலிலும் டயப்பரையே போடுங்கள். குற்ற உணர்ச்சி வேண்டியதில்லை. மழை விட்டதும் வாளியை மறுபடி எடுத்துக்கொள்ளலாம்.

பின்வரிசையில் ஓர் அம்மா வெகுநேரமாகக் கையை உயர்த்தியிருக்கிறார். என் பேச்சை நிறுத்திக்கொண்டு அவருடைய கேள்விக்கு வருகிறேன்.