முழவன் என்ற பெயர் வரமே!

பெருமதிப்புக்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பொகவந்தலாவையிலிருந்தும் மஸ்கெலியாவிலிருந்தும் இந்த மழையிலும் பஸ் ஏறி ஹட்டனுக்கு வந்திருக்கும் அம்மாமாரே, ஐயாமாரே, எல்லோருக்கும் வணக்கம்.

"ஆண் பிள்ளைக்கு அரிய பெயர் வைப்பது வரமா, பாரமா?" என்பது தலைப்பு. எதிரணியின் முதல் பேச்சாளர் ஒரே ஒரு பெயரைக் கையில் எடுத்தார். நம்ம மலையகத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் ஓர் இளம் தம்பதி, பிறந்திருக்கும் மகனுக்கு முழவன் என்று பெயர் வைக்க ஆசைப்படுகிறார்கள். முழவு பழந்தமிழரின் தோற்கருவி. வீட்டுப் பெரியவர்கள் கூடாது என்கிறார்கள். பெரியவர்கள் பக்கமே நியாயம் என்று சொல்லி, பேச்சாளர் நான்கு காரணம் அடுக்கினார். வாயில் நுழையாது, பதிவில் பிழை வரும், பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்கள், கடைசியாக, "மேளம் சாவு வீட்டுச் சாமான்." முதல் மூன்றுக்கும் சுருக்கமாகப் பதில் சொல்கிறேன். எனக்கு வலித்தது அந்த நான்காவது.

வாயில் நுழையாது என்கிறார். மழை, பழம், கிழங்கு என்று பேசிப் பழகிய மலையகத்துப் பிள்ளைக்கு முழவன் என்று சொல்லவா வராது? சிங்கள நண்பர்களுக்கு ழகரம் வராது என்றால், அவர்கள் ளகரத்தில் அழைத்துவிட்டுப் போகட்டும். 1972இல் கண்டியில் பிறந்த நம்ம வீட்டுப் பிள்ளைக்கு முரளிதரன் என்று பெயர் வைத்தார்கள். முரளி என்பது புல்லாங்குழல். 2010 ஜூலையில் காலி மைதானத்தில் அவர் 800ஆவது டெஸ்ட் விக்கெட்டை எடுத்தபோது, தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் என்று நாடே அந்தக் குழலின் பெயரைத்தான் சொல்லிக் கூவியது. நாக்கு தடுக்கியதா? மனிதன் உயர்ந்தால் அவன் பெயரை நாடு தானாகவே கற்றுக்கொள்ளும்.

பதிவில் பிழை வருமாம். நம்ம பாட்டன் பாட்டிமாருக்கு என்ன பெயர்? கருப்பையா, மாரியாயி, முனியாண்டி, ராமாயி. தோட்டத்துக்குப் பத்துப் பேர் அதே பெயரில் இருந்தார்கள். அதனால் எழுத்துப் பிழை வராமல் போனதா? 1948இல் நம்மை நாடற்றவர்களாக்கிய குடியுரிமைச் சட்டம் வந்தது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று இரண்டு அரசாங்கங்களும் தலைகளை எண்ணிப் பங்கு போட்டன. அந்தக் காலத்தில் செக்ரோல் என்ற தோட்டத்து ஆள் பதிவேட்டில் ஒரு எழுத்து, பிறப்புப் பத்திரத்தில் வேறு எழுத்து என்று அலைக்கழிந்த குடும்பங்கள் எத்தனை! அந்தக் கதை கேட்காமல் வளர்ந்தவர் இந்த மண்டபத்தில் இருக்கமாட்டார். பழகிய பெயர் அவர்களைக் காப்பாற்றவில்லை. பெயரைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒரு தாளில் தெளிவாக எழுதிக்கொண்டு போய்க் கொடுங்கள், பதிந்து கையில் தந்ததும் அங்கேயே நின்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். இது எந்தப் பெயருக்கும் வேண்டிய கவனம்தான்.

கேலி? பிள்ளைகள் எந்தப் பெயரையும் கேலி செய்வார்கள். தன் பெயருக்கு என்ன பொருள் என்று தெரிந்த பிள்ளை தலை நிமிர்ந்து பதில் சொல்வான். நட்சத்திர எழுத்துக்குப் பொருந்தினால் போதும் என்று பொருளே இல்லாத பெயரைச் சூட்டினால், அவன் எதைச் சொல்லி நிமிர்வான்? நட்சத்திரம் பார்க்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. மகத்தில் பிறந்த பிள்ளைக்கு 'மு' என்பதும் உரிய எழுத்துத்தான். முழவன் அதற்கும் பொருந்துகிறது.

நடுவர் அவர்களே, இனி அந்த நான்காவது காரணம்.

யாழினி என்று மகளுக்குப் பெயர் வைத்தால் எல்லோரும் மகிழ்கிறோம். வீணா, முரளி, வேணு எல்லாம் நமக்கு இனிக்கின்றன. நரம்புக் கருவி ஆகும், துளைக் கருவி ஆகும், தோல் கருவி என்றால் மட்டும் முகம் சுளிக்கிறோம். அந்தச் சுளிப்புக்குள் சாதி இருக்கிறது. தோலைத் தொட்டவனைத் தள்ளி வைத்தோம், அவன் அடித்த கருவியையும் தள்ளி வைத்தோம். கடல் தாண்டி வந்தும், லயம் என்ற வரிசை வீடுகளின் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும், அதை நாம் விடவில்லை. நண்பர் சாவு வீடு என்றது அதன் நாகரிகமான பெயர்.

என் பெரியப்பா தப்பு என்ற தோற்கருவியை அடிப்பவர். கவ்வாத்து மிலாறை, அதாவது வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சிகளை, குவித்துத் தீ மூட்டி, தப்பை அதன்மேல் காட்டிக் காட்டி எடுப்பார். ஈரக்காற்றில் தொய்ந்த தோல் இறுகிக்கொண்டே வரும். விரலால் ஒருமுறை சுண்டுவார், காதை அருகில் வைத்துக் கேட்பார், போதவில்லை என்றால் மறுபடியும் தீயில் காட்டுவார். பிறகு ஒரு கையில் தடித்த குச்சி, மறு கையில் மெல்லிய குச்சி. காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்கு ஓர் அடி, சாமி புறப்பாட்டுக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி, மாசியில் காமன் கூத்துக்கு வேறு அடி. ரதியும் மதனும் அந்த அடிக்குத்தான் ஆடுவார்கள். விடியும் முன்னே தோட்டம் முழுவதையும் எழுப்பிப் பெரட்டுக்களத்துக்கு அனுப்பியது அந்தத் தப்பின் ஒலி. நம் உழைப்பும் பக்தியும் கூத்தும் அதன் தாளத்தில் நடந்திருக்க, சாவை மட்டும் பிரித்தெடுத்து அதன்மேல் ஒட்டுவது என்ன நீதி? அந்தப் பெரியப்பாவை வாசலிலேயே நிறுத்தித் தேத்தண்ணியைத் தனிக் கோப்பையில் கொடுத்த வீடுகளும் உண்டு. அவர் அடித்த அடிக்கு ஆடாத வீடு ஒன்றுகூட இல்லை.

முழவு வேறு, தப்பு வேறு என்று நண்பர் எழுந்து சொல்லலாம். கருவி வேறுதான். இரண்டும் தோல், இரண்டும் நம் முன்னோர் கை. முழவு எங்கே ஒலித்தது என்று பார்ப்போம். பத்துப்பாட்டில் மலைபடுகடாம் என்று ஒரு பாட்டு. மலைவழி நடந்துபோகும் கூத்தர் சுமந்து செல்லும் கருவிகளில் முதலில் சொல்லப்படுவது, திண்ணிய வாரால் கட்டிய முழவு. திருஞானசம்பந்தர் திருவையாற்றைப் பாடுகிறார். கோயிலில் பெண்கள் வலம்வந்து நடமாடுகிறார்கள், முழவு அதிர்கிறது. மழை வந்துவிட்டதோ என்று மந்திகள் அஞ்சி, மரத்தில் ஏறி முகிலைப் பார்க்கின்றன! நம்ம ஊர்க் குரங்கையும் நம்ம ஊர் முகிலையும் அறிந்த உங்களுக்கு இந்தக் காட்சியை நான் விளக்க வேண்டியதில்லை. சிவன் கோயிலில் மழையாகக் கேட்ட ஒலியைச் சாவு ஒலி என்று ஒரு குழந்தையின் காதில் ஏற்றப் பார்க்கிறீர்களே, அதைத்தான் நான் மறுக்கிறேன்.

அந்தத் தாயும் தகப்பனும் இந்த மண்டபத்தில் இருந்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரியவர்களோடு சண்டை போடாதீர்கள். தோட்டத்தில் தப்பு அடிக்கும் ஐயாவை வீட்டுக்குள் அழைத்து, நாற்காலி போட்டு உட்காரவைத்து, பெயர் சூட்டும் நாளில் பிள்ளையின் காதில் முதல் முறையாக அந்தப் பெயரை அவரையே சொல்லச் சொல்லுங்கள்.

நடுவர் அவர்களே, எதிரணித் தலைவர் அடுத்துப் பேச வருகிறார். மற்றக் காரணங்களை அவர் விட்டுவிடட்டும். குழலின் பெயரைச் சூடிய பிள்ளையை இந்த நாடு தோளில் தூக்கிக் கொண்டாடியபோது கைதட்டிய நமக்கு, முழவின் பெயர் மட்டும் ஏன் ஆகாது? இந்த ஒரு கேள்விக்கு அவர் நேராகப் பதில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.